தீட்டு எது?

கிணற்றைக் காத்தோம் என்பர் பழமை விரும்பிகள். உண்மைதான், காவல் கடுமையாகவே இருந்தது! யார் கயிறு இறக்கலாம், யார் குடத்தோடு எட்டி நிற்க வேண்டும் என்று கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் வரையறுத்து வைத்திருந்தனர். ஊருக்கு ஒரு கிணறு. சேரிக்கு வேறொரு கிணறு. இறைக்கும் கையைக் கண்காணித்தவர்கள் இறைத்த நீரை ஆராய்ந்தார்களா? இந்தக் கேள்வியோடு வரலாற்றைப் புரட்டுவோம்.

1854ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரின் பிராடு தெருவில் காலரா மக்களைக் கொன்று குவித்தது. கெட்ட காற்றே காரணம் என்றனர் கற்றவர்களும். ஜான் சுனோ என்ற மருத்துவர், மாண்டவர்கள் எங்கே நீர் எடுத்தனர் என்று வீடு வீடாக விசாரித்தார். தெருக்கிணற்றின் அடிகுழாயே எமன் எனக் கண்டார். குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அருகிலிருந்த மலக்குழியின் கசிவு கிணற்றில் கலந்தது பின்னர் தெரிந்தது.

அறிவு இப்படி வழிகாட்டி 73 ஆண்டுகள் கழிந்தன. 1927இல் மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் நீர் அருந்தினர். குளம் தீட்டுப்பட்டுவிட்டதாம்! தீட்டைக் கழிக்கச் சாணமும் மாட்டு மூத்திரமும் கலந்து குடங்குடமாய் அந்தக் குளத்திலேயே ஊற்றினர் சாதி வெறியர். மனிதன் கை பட்டால் மாசு. மாட்டின் கழிவு பட்டால் தூய்மை! குளத்தின் உரிமைக்கான வழக்கு 1937 வரை நீண்டது.

மகாடு நமக்குத் தொலைவு, நொய்யல் தொலைவன்று. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் ஆறு அது. அதன் கரையில் பனியன் தொழில் வளர்ந்தது. பண்ணையத்தில் கட்டுண்டு கிடந்த பலருக்குக் கூலியும் நிமிர்ந்து நடக்கும் துணிவும் தந்தது. அதை நாம் மறவோம். ஆனால் பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். துணி சாயத்தைப் பற்றிக்கொள்ளும். உப்போ கழிவு நீரோடு போய்விடும். அந்த உப்பு ஆற்றில் இறங்கியது. மண்வழியே கிணறுகளிலும் ஊறியது. 1992இல் பாசனத்துக்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று.

உழவர்கள் வழக்காடினர். கழிவை அறவே வெளிவிடக் கூடாதென 2006இல் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2009இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன் பின்னும் கழிவு ஓடியது. 2011 சனவரியில் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணை பிறந்தது. அடுப்பு அணைந்தது முதலில் தொழிலாளியின் வீட்டில்தான்! பின்னர், கழிவிலிருந்து நீரையும் உப்பையும் பிரித்தெடுக்கும் முறையோடு பட்டறைகள் மீண்டும் இயங்கின. ஆனால் நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கிய உப்பு, ஆணை கேட்டு வெளியேறுமா?

சாயம் சாதி பார்க்கவில்லை. கிணற்றைக் காப்பதாகச் சொன்ன சாத்திரம் அதைத் தடுக்கவுமில்லை.

தோழர்களே! காய்ச்சினால் கிருமி சாகும். உப்பு சாகாது, நீர் சுண்டச் சுண்ட இன்னும் செறியும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு நீரில்லாவிடத்து 2000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர அளவு. ஆகவே ஊர்க் கிணறு, தெருக் கிணறு என்ற பேதமின்றி ஒவ்வொன்றையும் சோதிக்கச் சொல்லுவோம். கண்ட அளவை எல்லாரும் படிக்கக் கிணற்றுச் சுவரிலேயே எழுதச் சொல்லுவோம். தீட்டு எது என்பதை இனிச் சோதனைக் குழாய் சொல்லட்டும்!