மேய்ச்சல் நிலத்தில் ஒரு கேமரா

கிட்டி ஹாக் பக்கத்து மணல்மேட்டில் 1903 டிசம்பர் 17 காலை எடுக்கப்பட்ட அந்தப் போட்டோவைப் பார்க்காதவர்கள் குறைவு. தண்டவாளத்தை விட்டு அப்போதுதான் எழும்பிய யந்திரம், அதில் குப்புறப் படுத்திருக்கும் ஆர்வில் ரைட், கூடவே ஓடிவந்து பின்தங்கிவிட்ட வில்பர். விமானத்தின் சரித்திரம் என்றால் நமக்கு இந்த ஒரு பிம்பம்தான். ஆனால் இது கிட்டத்தட்ட ஐந்து வருஷம் டேடன் நகரத்து வீட்டில் கிடந்தது. 1908 செப்டம்பரில், சகோதரர்கள் செஞ்சுரி பத்திரிகையில் எழுதிய கட்டுரையோடுதான் அச்சில் வந்தது.

என் அக்கறை அந்தப் படத்தில் இல்லை. அதையடுத்த இரண்டு வருஷங்களில். 12 விநாடி, 120 அடி என்று தொடங்கியது அன்றே 59 விநாடி வரை போயிற்று என்றாலும், அது எதிர்காற்றின் தயவில் நேர்கோட்டில் போன தூரம். வளைந்து, திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர அவர்கள் கற்றுக்கொண்டது 1904, 1905ல், ஒஹையோவில், டேடனுக்குக் கிழக்கே 8 மைல் தள்ளி ஒரு மேய்ச்சல் நிலத்தில். டோரன்ஸ் ஹஃப்மன் என்ற வங்கிக்காரரின் நிலம். வாடகை கேட்கவில்லை, பறப்பதற்கு முன் மாடுகளையும் குதிரைகளையும் வெளியே ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். மேடும் பள்ளமுமான சதுப்புத் தரை. நடுவில் ஒரு முள்மரம். ஓரத்தில் டிராம் நிற்கும் இடம். டிராம் வரும் நேரம் பார்த்துப் பறக்காமல் இருந்தார்கள். 1904ல் நூறு தடவைக்கு மேல் கிளம்பினார்கள்; வானில் இருந்த நேரம் மொத்தமும் ஒரு மணி தேறவில்லை.

இருவரும் பழகின போட்டோக்காரர்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைதான் இருட்டறை. 5க்கு 7 அங்குலக் கண்ணாடித் தகடு. எந்தத் தகடு, எவ்வளவு நேரம் ஒளி, எந்தத் தேதி, எந்த இடம், படத்தில் என்ன என்று நோட்டில் குறித்துவைத்தார்கள். கிட்டி ஹாக்கில் காரியம் சுலபம்: தண்டவாளத்தின் முனையைக் குறிவைத்து முக்காலியை நிறுத்தி, ரப்பர் குமிழைக் கடலோர உயிர்காப்பு நிலையத்து ஜான் டேனியல்ஸ் கையில் கொடுத்துவிடலாம். கேமராவைத் தொட்டறியாத அந்த மனிதருக்கு, அமுக்கினோமா இல்லையா என்று பின்னால் சந்தேகம் வந்ததாம். மேய்ச்சல் நிலத்தில் குறிவைக்க ஒரு முனை ஏது? யந்திரம் வட்டமிடுகிறது. தகட்டைச் செருகிவிட்டால் பின்கண்ணாடி வழியே பார்க்கவும் முடியாது. ஒரு தகட்டுக்கு ஒரு தடவை. ஆகவே இந்தப் படங்களில் பலவற்றில் புல், மரவரிசை, ஏராளமான ஆகாயம்; அதில் பூச்சி ஒட்டின மாதிரி ஒரு யந்திரம். கிடைத்தது விமானமா வெறும் வானமா என்று இருட்டறையில் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற நிமிஷங்கள் மைதானத்தில் இருப்பதற்குக் குறைவில்லாதவை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நான் இதை நம்புகிறேன். கிட்டி ஹாக் படத்தின் கச்சிதத்தைவிட இந்தத் தவறிப்போன படங்கள் எனக்கு நெருக்கமாக இருக்கின்றன.

எடுத்த படங்களை வெளியே விடவில்லை. 1904 மே மாதம் நிருபர்களை அழைத்தபோதே கேமரா கூடாது என்று நிபந்தனை. அன்று காற்றில்லை, எஞ்சினும் சரியில்லை. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். காரணம் வெளிப்படை. 1906 மே 22 வரை அமெரிக்காவில் பேட்டண்ட் கைக்கு வரவில்லை. இறக்கை முறுகும் விதத்தை விவரமறிந்த கண்ணுக்கு ஒரு நல்ல போட்டோ காட்டிக்கொடுத்துவிடும். இது வியாபார ஜாக்கிரதை. துறவு, அடக்கம் என்றெல்லாம் பின்னால் வந்தவர்கள் பூசியது தேவையில்லாத சாயம்.

1904 செப்டம்பர் 20 அன்று வில்பர் முதல் முழு வட்டம் அடித்ததை அமோஸ் ரூட் நேரில் பார்த்தார். மெடினா ஊர்க்காரர், தேன்கூட்டுச் சாமான்கள் செய்து விற்பவர். பார்த்ததைத் தாம் நடத்திய தேனீ வளர்ப்புப் பத்திரிகையில், 1905 ஜனவரி 1 இதழில், எழுதினார். இன்ன நாள் இன்னது நடந்தது என்று நேரில் கண்டவர் சொல்லி அச்சில் வந்த முதல் விவரம் அது. படம் கிடையாது. தேனீக்காரர்கள் படித்திருப்பார்கள். எந்தப் பெரிய பத்திரிகை எடுத்துப் போட்டது?

1905 அக்டோபர் 4 அன்று ஆர்வில் பறந்ததைப் படமெடுத்தார்கள். அந்த வருஷத்தின் கடைசிப் படம் அதுதான். மறுநாள், அக்டோபர் 5, வில்பர் 39 நிமிஷம், 24 மைல், பெட்ரோல் தீரும் மட்டும் வட்டமிட்டுக்கொண்டே இருந்தார். விமானம் என்ற வார்த்தைக்குப் பொருள் வந்த நாள் என்று தைரியமாகச் சொல்லலாம். அந்தப் பறப்புக்கு ஒரு தகடுகூட இல்லை. செய்தி பரவி ஆட்கள் வரத் தொடங்கவே பறப்பதையே நிறுத்திக்கொண்டார்கள். 1908 மே வரை இரண்டரை வருஷத்துக்கு மேல் அந்த இருவரும் தரையில்தான்.

1906 ஜனவரியில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதைக் கட்டுக்கதை என்று எழுதிற்று. இவ்வளவு பெரிய விஷயம் நிருபர்கள் கண்ணில் படாமல் போகுமா என்பது அதன் தர்க்கம். பிறகு நேரில் பார்த்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, பதில்களை வாங்கிப் பார்த்து, ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. படம் செய்யாததை அந்த ஊர்க்காரர்களின் கடிதங்கள் செய்தன. போட்டோ இருந்தால்தான் நடந்தது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு நமக்கு விட்டுப்போன மூடநம்பிக்கை. இலக்கியத்திலும் 'யதார்த்தம்' என்ற பெயரில் அதையே இன்னும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதே 1906 நவம்பர் 12, பாரிஸ். சாந்தோஸ் துமோன் கூட்டத்தின் முன்னால், கேமராக்களின் முன்னால், 220 மீட்டர் பறந்தார். ஐரோப்பாவில் பலருக்கு முதலில் பறந்தவர் அவரே. பிரேசிலில் இன்றும் அப்படித்தான். 24 மைலுக்கு முன்னால் 220 மீட்டர் அற்பம் என்று சிரிப்பவர்கள், பார்க்க விட்டதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். பாதி நியாயம் சாந்தோஸ் துமோன் பக்கம்.

1908 மே மாதம் சகோதரர்கள் மறுபடி கிட்டி ஹாக் பக்கம் போனபோது நிருபர்கள் மரங்களுக்கிடையே ஒளிந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஹேர் தூரத்திலிருந்து எடுத்த ஒரு புள்ளி, மே 30 தேதியிட்ட காலியர்ஸ் இதழில் வந்தது. ரைட் யந்திரம் பறப்பதை உலகம் முதலில் பார்த்தது அந்த மங்கலில். நல்ல படங்கள் அப்போதும் கொட்டகைக்குள்.

1913 மார்ச்சில் டேடனில் வெள்ளம். கொட்டகையில் இருந்த தகடுகள் தண்ணீரில் கிடந்தன. பலவற்றின் ஓரங்களில் கறை ஏறியது, ரசாயனப் பூச்சு உரிந்தது. டேனியல்ஸ் எடுத்த தகட்டிலும் ஒரு மூலை போயிற்று. அந்த மூலையில் இருந்தது மணல்தான். ஆர்வில் இறந்தது 1948 ஜனவரி 30, மறுநாள் டேனியல்ஸ். அடுத்த வருஷம் தகடுகள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்குப் போயின, எண்ணிக்கை 303. மேய்ச்சல் நிலம் இன்று ஒரு விமானப்படைத் தளத்தின் வேலிக்குள் இருக்கிறது. புல்லை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.