சீகோங் பிரிவுகளும் போதிதருமர் மரபுரையும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் தமிழரும் சீனரும் அண்டை அயலாராய் வாழத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. சீனர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சுங்கை ஊஜோங், லுக்குட் வட்டாரங்களுக்கு ஈயம் தோண்ட வந்தனர். பின்னர்த் தமிழர் தோட்டங்களுக்குப் பால்மரம் வெட்ட வந்தனர். ஆயினும் ஒருவர் கலையை மற்றவர் உள்ளவாறு அறிந்துள்ளனரா என்பது ஐயமே.

விடியற்காலையில் சிரம்பான் நகரப் பூங்காவில் சீன முதியோர் கைகளை மெல்ல உயர்த்தியும் தாழ்த்தியும் மூச்சை அளந்து விட்டும் பயிற்சி செய்வதைத் தோட்டத்துப் பிள்ளைகள் காண்கின்றனர். "அது என்ன, ஐயா?" என்று பள்ளியில் வினவுகின்றனர். "நம் காஞ்சிபுரத்துப் போதிதருமர் சீனருக்குக் கற்றுக் கொடுத்த கலை" என்பது பலர் கூறும் விடை. 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்திற்குப் பின் இவ்விடை இன்னும் வலுப்பெற்றது. இது வரலாற்றுக்குப் பொருந்துமா என ஆராய்வது ஆசிரியர் கடமையாகும்.

முதலில் பெயரைக் காண்போம். 'சீ' என்பது மூச்சு, உயிராற்றல் எனப் பொருள்படும்; நம் நூல்கள் பிராணன் என்பதற்கு அது நெருங்கியது. 'கோங்' என்பது முயன்று பெறும் தேர்ச்சி. பல்வேறு பயிற்சிகளுக்குச் சீகோங் எனும் பொதுப்பெயர் பரவலாக வழங்கியது 1950களில்தான். லியூ குவெய்சென் என்பவர் தம் வயிற்றுப்புண் இம்முறையால் நீங்கக் கண்டு, அதனை மருத்துவ நிலையங்களில் கற்பித்தார். 1957இல் நூலும் எழுதினார். பெயர் புதிது, அப்பெயருள் அடங்கிய பயிற்சிகளோ பழையன. அவை ஒரே ஊற்றினின்று தோன்றியனவும் அல்ல.

அவற்றை நோக்கத்தால் மூவகையாகப் பகுக்கலாம். நோய் நீக்கி உடலைப் பேணுவது ஒன்று. போர்க்கலைக்கு வலிமை சேர்ப்பது மற்றொன்று. தாவோ, பௌத்தம் ஆகிய சமய நெறிகளில் உள்ளத்தை ஒடுக்குவது மூன்றாவது. செய்முறையால் அசைவுடையது, அசைவற்றது என இரண்டாகவும் பகுப்பர். நின்றும் அசைந்தும் செய்வது முன்னது. அமர்ந்தோ படுத்தோ மூச்சிலும் நினைவிலும் ஒன்றுவது பின்னது.

இனி இவற்றின் காலத்தை நோக்குவோம். பழைய மூச்சை வெளிவிட்டுப் புதிய மூச்சை உட்கொள்வதையும், கரடியும் பறவையும் போல் உடலை நீட்டுவதையும் கிறித்துவுக்கு முற்பட்ட சுவாங் சு நூல் குறிப்பிடுகிறது. சீனாவில் மாவாங்துய் என்னுமிடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973இல் அகழ்ந்தபோது பட்டுத்துணி ஓவியம் ஒன்று கிட்டிற்று. அதில் ஆடவரும் பெண்டிருமாக 44 உருவங்கள் இத்தகைய பயிற்சி செய்யும் நிலையில் வரையப்பட்டுள்ளன. கி.பி. 208 அளவில் மறைந்த மருத்துவர் ஹுவா துவோ புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளைக் கொண்டு ஒரு பயிற்சி வகுத்தார் எனச் சீன வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

போதிதருமர் சீனம் சென்றதாகக் கருதப்படுவது ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியிலோ ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ ஆகும். அதாவது மாவாங்துய் ஓவியத்திற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் பிற்பட்டே அவர் வருகிறார். எனவே சீனர் மூச்சுப்பயிற்சியை அவரிடமே முதன்முதல் கற்றனர் என்பது பொருந்தாது.

அங்ஙனமாயின் அவர் பெயர் இதனுள் எவ்வாறு புகுந்தது? 'யீசின்சிங்' எனும் தசைநார்ப் பயிற்சி நூலே இதற்கு அடிப்படை. அதனை அவர் ஷாவோலின் மடத்தில் விட்டுச் சென்றதாக அந்நூலின் முன்னுரை உரைக்கிறது. அம்முன்னுரை கி.பி. 628இல் எழுதப்பட்டதாகக் காட்டிக் கொள்ளினும், கதையில் மட்டுமே வாழ்ந்த ஒரு வீரனை மெய்யான மனிதனாகக் கொண்டு, நூல் அவன் கைவழி வந்தது என்கிறது. நூல் 1624ஆம் ஆண்டளவில் தாவோ நெறியினர் ஒருவரால் ஆக்கப்பட்டது என்பதே ஆய்வாளர் முடிபு. பெரியோர் ஒருவர் பெயரைச் சூட்டிப் பிற்கால நூலுக்குப் பெருமை தேடும் வழக்கம் நமக்கும் புதிதன்று. சித்தர் பாடல்களிலும் அதனைக் காண்கிறோம்.

போதிதருமரின் பிறப்பிடம் பற்றியும் சான்றுகள் ஒன்றுபடவில்லை. கி.பி. 547இல் எழுதிய யாங் சுவான்சி அவரைப் பாரசீகத் துறவி என்கிறார். தான்லின் என்பாரோ தென்னிந்திய மன்னன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறார். காஞ்சி என்பது பிற்கால நூல்களில் வரும் ஒரு பெயரைக் கொண்டு செய்த ஊகம். தென்னாட்டினர் என்பதற்கு இடமுண்டு. பல்லவ இளவரசர் என்று அறுதியிட இடமில்லை.

இவ்வாறு கூறுவதால் தமிழின் பெருமை குன்றுமோ? குன்றாது. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புக்களையுடைய யோகத்தை விரித்துரைக்கிறார். மூச்சை உள்ளிழுப்பதற்குப் பதினாறு, நிறுத்துவதற்கு அறுபத்து நான்கு, வெளிவிடுவதற்கு முப்பத்திரண்டு மாத்திரை என அளவும் வகுக்கிறார். மூச்சை அடக்கி நிறுத்துவது இங்குச் சிறப்பிடம் பெறுகிறது. பூங்காக்களில் பெரிதும் பயிலும் 'பாதுவான்சின்' எனும் எட்டுப் பகுதிப் பயிற்சியிலோ அசைவோடு இயல்பாக ஓடும் மூச்சே முதன்மை. ஒன்று மற்றொன்றன் நகல் அன்று; இரண்டும் தத்தம் மண்ணில் வளர்ந்தவை.

தமிழர்க்கும் சீனர்க்கும் உறவே இல்லை என்பதும் அன்று. கி.பி. 720இல் பல்லவ மன்னன் இராசசிம்மன் சீனப் பேரரசனிடம் தூதரை அனுப்பினான். சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கிருந்த சிவன் கோயிலுக்குச் சான்றாக நிற்கிறது. இவை கல்லும் ஏடும் கூறும் உறவுகள். பிள்ளைகளுக்கு இவற்றை அச்சமின்றிக் கற்பிக்கலாம்.

2003இல் சீன அரசின் விளையாட்டுத் துறை யீசின்சிங், ஐவிலங்கு ஆடல், ஆறொலிப் பயிற்சி, பாதுவான்சின் ஆகிய நான்கையும் ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. இன்று பலரும் பயில்வன இவையே. இவற்றுள் யீசின்சிங் ஒன்றற்கே போதிதருமர் பெயர் சார்த்தப்பட்டது. அதுவும் மேலே கண்டவாறு பிற்காலத்தது.

நம் தோட்டத்துப் பிள்ளை நாளை சீன நண்பனோடு ஒரே இடைநிலைப் பள்ளியில் அமர்வான். "உன் கலை எங்களிடம் கற்றது" என்று கூறி அவன் நட்பைத் தொடங்கினால், நண்பன் மாவாங்துய் ஓவியத்தைக் காட்டும்போது தலைகுனிய நேரும். "எங்களிடம் திருமூலர் உள்ளார், உங்களிடம் ஹுவா துவோ உள்ளார், ஒப்பிட்டுப் பார்ப்போம்" என்று தொடங்கினால் இருவரும் நிமிர்ந்து நிற்பர். ஆதலின் பிள்ளை வினவும்போது ஆசிரியர் கூறத்தக்க விடை இது: "அது சீனரின் பழங்கலை, அதனோடு ஒப்பிட நமக்கும் ஒரு பழங்கலை உண்டு."