டோக்கியோவுக்குப் போன கோழிக்குஞ்சு

டோக்கியோவுக்கு வேலையாகவோ ஊர் சுற்றவோ போகும் ஜப்பானியர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும், கூட வேலை செய்பவர்களுக்கும் ஏதாவது தின்பண்டம் வாங்கிப் போவார்கள். இந்தப் பழக்கத்துக்கு 'ஓமியாகே' என்று பெயர். அந்தக் காலத்தில் ஒரு கிராமமே பணம் சேர்த்து ஒருவரை இசே கோவிலுக்கு அனுப்பி வைக்கும். போனவர் ஊராருக்கு ஏதாவது வாங்கி வரவேண்டும். அப்படி வேரூன்றிய பழக்கம் இது.

இன்று ரயில் நிலையக் கடைகளில் ஓமியாகே பெட்டிகள் மலை போல அடுக்கியிருக்கும். அவற்றில் பேர் பெற்ற ஒன்று 'ஹியோகோ'. ஹியோகோ என்றால் கோழிக்குஞ்சு. உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் கேக், சின்ன அலகு, இரண்டு புள்ளிக் கண்கள். கேக் என்றாலும் க்ரீம் எல்லாம் கிடையாது. வெள்ளை பீன்ஸும் முட்டை மஞ்சள் கருவும் சேர்ந்த இனிப்புப் பூரணத்தை மாவுக்குள் வைத்துச் சுட்டது. இந்த வகைப் பலகாரத்தை ஜப்பானில் 'மஞ்சூ' என்பார்கள். முதலில் தலையைக் கடிப்பதா, வாலைக் கடிப்பதா என்பது இதை வாங்கும் வீடுகளில் தீராத விவாதம்!

டோக்கியோ பலகாரம் என்று பலரும் நினைக்கும் இந்தக் குஞ்சு பொரித்தது டோக்கியோவில் இல்லை என்பதுதான் சுவாரஸ்யமான விஷயம்.

ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் தள்ளி, கியூஷூ தீவின் ஃபுகுவோகா மாகாணத்தில் ஈசுகா என்ற ஊர் இருக்கிறது. 1912-ல் அங்கே இருந்த யோஷினோதோ என்ற பலகாரக் கடையில்தான் ஹியோகோ பிறந்தது. அப்போது மஞ்சூ என்றாலே உருண்டைதான். கடைக்காரர் இஷிசாகா ஷிகேருவின் கனவில் ஒரு கோழிக்குஞ்சு வந்ததாகவும், அதைப் பார்த்து அவர் அச்சு செய்ததாகவும் ஒரு கதை உண்டு.

கனவு இருக்கட்டும், ஏன் ஈசுகா? இரண்டு காரணங்கள். ஒன்று, சர்க்கரை. எடோ காலத்தில் வெளிநாட்டுச் சர்க்கரை நாகசாகி துறைமுகத்தில்தான் வந்து இறங்கியது. அங்கிருந்து கொகுரா வரை போன நெடுஞ்சாலையில் ஈசுகா ஒரு தங்கல் ஊர். 'சர்க்கரைச் சாலை' என்றே அதற்கு இன்று பெயர். இன்னொன்று, நிலக்கரி. ஈசுகா இருக்கும் சிக்குஹோ பகுதி ஒரு காலத்தில் ஜப்பானின் நிலக்கரியில் ஏறக்குறைய பாதியைத் தந்தது. சுரங்கத்தில் உடம்பு நோக உழைத்தவர்களுக்கு இனிப்பு தேவைப்பட்டது. வாங்கக் கையில் கூலியும் இருந்தது.

பிறகு காலம் மாறியது. 1950-களிலும் 60-களிலும் நாடு பெட்ரோலியத்துக்குத் தாவியது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1970-களின் பாதியில் சிக்குஹோவில் கரி வெட்டுவதே நின்றுபோனது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பு தேடி வெளியேறின. கோழிக்குஞ்சும் கிளம்பியது! 1957-ல் ஃபுகுவோகா நகரத்தில் கடை திறந்தார்கள். 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கும் ஷின்கான்சென் அதிவேக ரயிலும் வந்த சமயத்தில் தலைநகர்ப் பக்கம் கால் வைத்தார்கள். டோக்கியோ ரயில் நிலையத்தில் விற்க ஆரம்பித்ததும் வெளியூர்க்காரர்கள் அதை டோக்கியோ பலகாரமாகவே வாங்கிப் போனார்கள். ஃபுகுவோகாக்காரர்களுக்கோ, "எங்கள் ஊர்ப் பலகாரம் எப்படி டோக்கியோவுடையது ஆனது?" என்று ஆதங்கம்.

ஊர்ச் சண்டை இப்படி என்றால், வடிவத்துக்கான சண்டை நீதிமன்றம் வரை போனது. 2003-ல் ஹியோகோ நிறுவனம் குஞ்சின் வடிவத்தையே முப்பரிமாண வணிகச் சின்னமாகப் பதிவு செய்தது. அதே ஃபுகுவோகாவில் பறவை வடிவ மஞ்சூ விற்ற இன்னொரு நிறுவனம் இதை எதிர்த்தது. 2006-ல் அறிவுசார் சொத்துரிமை உயர் நீதிமன்றம் எதிர்த்தவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இதுபோன்ற பறவை மஞ்சூக்களை நாட்டில் பலர் செய்கிறார்கள், வடிவத்தை மட்டும் பார்த்து இன்னாருடையது என்று நாடு முழுக்க யாரும் சொல்லிவிட முடியாது என்பது அதன் முடிவு. பெயர் நிறுவனத்திடம் இருக்கிறது. வடிவம் எல்லோருக்கும் பொது.

சிக்குஹோ கரியால் ஓடிய ரயில்கள் இன்று இல்லை. அந்தச் சுரங்கங்களும் இல்லை. ஆனால் டோக்கியோவிலிருந்து ஊர் திரும்புகிறவர் பையில், அந்தத் தொழிலாளிகளின் ஊரில் பிறந்த குஞ்சு ஒன்று இன்றும் இருக்கலாம். அதை "டோக்கியோ கேக்" என்று யாராவது நீட்டினால், ஈசுகா என்ற பெயரையும் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். தலையா, வாலா என்பது உங்கள் விருப்பம்!