சங்கர் (கே. சி. சிவசங்கரன், 1924–2020)

‘அம்புலிமாமா’ சிறுவர் இதழின் ஓவியர். கொங்கு நாட்டின் காரத்தொழுவு கிராமத்தில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றார். 1946இல் ‘கலைமகள்’ இதழில் சேர்ந்தார். 1952இல், நாகிரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய அம்புலிமாமாவுக்கு வந்து, இதழ் நிற்கும்வரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வரைந்தார்.

உருவிய வாள், தோளில் தொங்கும் பிணம், மயானத்து இருள்: விக்கிரமாதித்தன்–வேதாளம் தொடருக்கு அவர் தீட்டிய முகப்புப் படம் பல மொழிப் பதிப்புகளிலும் மாதந்தோறும் வந்தது. கதை மறந்தவர்களுக்கும் அந்தப் படம் நினைவிருக்கும். அரசனின் நடையில் அவசரம் இல்லை, பயமும் இல்லை. புராணக் கதைகளுக்கும் ஏராளமாக வரைந்தார். பிற்காலத்தில் ‘ஸ்ரீ ராமகிருஷ்ண விஜயம்’ இதழிலும் அவர் படங்கள் வெளிவந்தன. பத்மஸ்ரீ விருது தாமதமாகவே வந்தது: 2021இல், மறைவுக்குப் பின்.