ஏன் கேட்கவில்லை என்னும் கேள்வி

பெரு நாட்டுக் கடற்கரைப் பகுதியில், இக்கா பள்ளத்தாக்கில், லோஸ் மொலினோஸ் என்றொரு சிற்றூர் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு ஏறத்தாழ 200 குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. குடிநீரால் வரும் நோய்களைத் தடுக்க விரும்பிய அரசு நலவாழ்வுத் துறை, பெண் பணியாளர் ஒருவரை அவ்வூருக்கு அனுப்பியது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்குமாறு இல்லத்தரசிகளை இணங்கச் செய்வதே அவருடைய பணி. இரண்டாண்டுகள் அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். 21 குடும்பங்களைத் தனியே தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றையும் 15 முதல் 25 முறை வரை சந்தித்துப் பேசினார். மருத்துவர் ஒருவரும் வந்து உரையாற்றிச் சென்றார். முடிவில், அவர் சொல்லுக்கு இணங்கிக் குடிநீரைக் காய்ச்சத் தொடங்கிய குடும்பங்கள் 11 மட்டுமே.

எட்வர்ட் வெல்லின் என்னும் மானுடவியலாளர் இம்முயற்சியை ஆராய்ந்து 1955-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்வூர் மக்களின் எண்ணத்தில் உணவுப் பொருள்கள் சில சூடு, சில குளிர்ச்சி. அடுப்பின் வெப்பத்தை வைத்து இவ்வாறு பகுக்கவில்லை. பொருளின் இயல்பை வைத்தே பகுத்தனர். பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பச்சைத் தண்ணீர் குளிர்ச்சி. ஆதலால் நோயாளிக்கு ஆகாது. காய்ச்சிய நீரே நோயாளிக்கு ஏற்றது. அப்படியானால் நலமாயிருப்பவர் அதனை ஏன் குடிக்க வேண்டும்? காய்ச்சிய நீர் குடிப்பவரைக் கண்டால் ஊரார் அவரை நோயாளியாகவே எண்ணுவர்.

வெல்லின் சந்தித்த பெண்களுள் ஒருவர் முன்னரே நோயுற்றவர். எவரும் சொல்லாமலே தண்ணீரைக் காய்ச்சி வந்தார். இன்னொருவர் மலைநாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர், ஊராரோடு ஒட்டாதவர். பணியாளரின் நட்பே அவருக்குப் பெரிதாயிருந்தது; ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி இழப்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. மூன்றாமவர் இறுதிவரை மறுத்தார். அவருடைய வாதம் கூர்மையானது. மனிதர் மூழ்கிச் சாகும் தண்ணீரில் அந்தச் சிற்றுயிர்கள் மட்டும் எப்படி உயிர் பிழைக்கின்றன? கண்ணுக்கே தெரியாத ஒன்று வளர்ந்த மனிதனை எப்படி வருத்தும்? குளிர், பசி என்று உண்மையான துன்பங்கள் கண்முன் நிற்கும்போது, காணாத ஒன்றுக்கு அஞ்சுவானேன்? இதனை அறியாமை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. தம் அறிவுக்கு எட்டிய சான்றுகளைக் கொண்டு ஒழுங்காகச் சிந்தித்தவரின் பேச்சு இது.

200-ல் 11 என்ற எண்ணை எப்படிப் படிப்பது? செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை என்று படிக்கலாம். மக்கள் பிடிவாதக்காரர் என்றும் படிக்கலாம். அனுப்பியவர்களே அவ்வூரைப் படிக்காமல் போனார்கள் என்றும் கூறலாம். நலவாழ்வுத் தொடர்பியல் என்று இன்று வழங்கும் ஆய்வுத் துறையின் வரலாறு, பெரும்பாலும் இந்த முதற் படிப்பிலிருந்து கடைசிப் படிப்புக்கு வந்து சேர்ந்த வரலாறே.

தொடக்கத்தில் அத்துறைக்கு வழிகாட்டியது 1948-ல் ஹரால்டு லாஸ்வெல் வகுத்த வாய்பாடு. சொல்பவர், சொல்லும் பொருள், அது செல்லும் வழி, கேட்பவர், விளையும் பயன் என்ற ஐந்தையும் அது ஆராயச் சொன்னது. அம்பு எய்பவன் இலக்கைப் பார்ப்பது போன்ற பார்வை அது. இலக்கு வாய் திறந்து பேசும் என்று அந்த வாய்பாடு எதிர்பார்க்கவில்லை.

அந்நாளிலும் நேர்மையான ஆய்வாளர் இருந்தனர். அமெரிக்காவில் காசநோயைக் கண்டறிய, நெஞ்சகத்தை ஊடுகதிர்ப் படமெடுக்கும் ஊர்திகளை அரசே தெருவுக்குத் தெரு அனுப்பிற்று. கட்டணம் இல்லை, ஆயினும் எதிர்பார்த்த அளவு மக்கள் வரவில்லை. அரசின் பொது நலவாழ்வுப் பணித்துறையில் இருந்த உளவியலாளர் காட்ஃபிரே ஹாக்பாம், பாஸ்டன், கிளீவ்லாந்து, டெட்ராய்ட் நகரங்களில் 1,200-க்கும் மேற்பட்டோரை வினவி, 1958-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். தமக்கும் இந்நோய் வரக்கூடும், முன்னரே கண்டறிந்தால் பயன் உண்டு என்ற இரண்டையும் நம்பியவர்களுள் நூற்றுக்கு 82 பேர் தாமாகவே படமெடுத்துக்கொண்டிருந்தனர். இரண்டையும் நம்பாதவர்களுள் 21 பேரே எடுத்திருந்தனர். நலவாழ்வு நம்பிக்கைக் கோட்பாடு என்று பாடநூல்கள் கூறுவது இதிலிருந்து வளர்ந்ததே. கேட்பவரின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று வினவிய அளவில் அது பெரிய முன்னேற்றம்.

இர்விங் ஜேனிஸ், சீமோர் ஃபெஷ்பாக் ஆகிய இருவர் 1953-ல் வெளியிட்ட ஆய்வையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். பல்லைப் பேணுவது குறித்துப் பள்ளி மாணவருக்கு மூவகை உரைகள் நிகழ்த்தப்பட்டன. ஒன்று மெல்ல அச்சுறுத்தியது, ஒன்று நடுத்தரம், மற்றொன்று அழுகிய ஈறுகளின் படங்களோடு நன்றாகவே அச்சுறுத்தியது. மிக அஞ்சியவர்களே மிகக் குறைவாக அறிவுரையைக் கடைப்பிடித்தனர். எல்லாச் சூழலுக்கும் இம்முடிவு பொருந்தாது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆயினும், மறையுரை மேடைக்குப் பழகிய நம் போன்றோருக்கு இதனைப் படிக்கையில் சற்றே உறுத்தும்.

1962-ல் எவரெட் ரோஜர்ஸ், புதுமைகள் எவ்வாறு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகின்றன என்பதை ஆராய்ந்து நூலாக்கினார். 1972-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் கலிபோர்னியாவின் மூன்று சிறு நகரங்களில், இதயநோய்த் தடுப்புக்கான ஊடகப் பரப்புரையை அளந்து பார்த்தனர். அதே ஆண்டில் பின்லாந்தின் வட கரேலியாவிலும் அத்தகைய பெருமுயற்சி தொடங்கிற்று. ஆய்வுக் கருவிகள் கூர்மையாயின. ஆனால் கேள்வி பெரும்பாலும் பழையதே: நாம் சொல்வதை அவர்கள் ஏற்கச் செய்வது எப்படி?

அந்தக் கேள்வியே தவறாக இருக்கக்கூடும் என்பதை நம் நாட்டிலேயே ஒரு நிகழ்ச்சி காட்டியது. பஞ்சாபில், லூதியானா மாவட்டத்துக் கன்னா நகரை ஒட்டிய ஊர்களில், ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1950-களில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆய்வொன்றை நடத்தினர். (கருத்தடை பற்றிய அறநெறி வினா தனியே பேசத்தக்கது, இங்கு நாம் பார்ப்பது ஆய்வின் முறையை.) ஊரார் பணியாளரை அன்போடு வரவேற்றனர், கொடுத்த மாத்திரைகளைப் பெற்றுக்கொண்டனர். பிறப்பு விகிதம் மட்டும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. உகாண்டாவில் வளர்ந்த அறிஞர் மஹ்மூத் மம்தானி பின்னர் மனுப்பூர் என்ற ஊருக்குச் சென்று மக்களோடு பேசி, 1972-ல் ஒரு நூல் எழுதினார். மாத்திரைகளை வாங்கியவர் பலர் பயன்படுத்தவே இல்லை. வீடு தேடி வந்தவரிடம் முகத்தை முறித்துக்கொள்வது பண்பன்று என்பதால் வாங்கி வைத்தனர். ஒருவர் அந்தப் பெட்டிகளையும் புட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வீட்டு மூலையில் சிற்பம்போல் அமைத்திருந்தார்! நிலத்தில் உழைக்கவும் முதுமையில் தாங்கவும் மக்கட்பேறு வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. வெளியிலிருந்து வந்தவர் அவர்களை அறியாதவர் என்று எண்ணினர்; அவர்களோ தம் வாழ்வின் வரவு செலவை நன்கறிந்திருந்தனர். கையில் படிவத்தோடு வருபவரிடம் மக்கள் ‘ஆம்’ என்று சொல்வது மரியாதைக்காகவும் இருக்கலாம். அந்த ‘ஆம்’ எண்ணாக மாறும்போது, ஆய்வே பொய்யின்மேல் எழுகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், பிரேசிலிலிருந்து நாடுகடத்தப்பட்ட பாவுலோ பிரெய்ரே, சிலி நாட்டு உழவர்களிடையே பணிபுரிந்துகொண்டிருந்தார். வேளாண் அலுவலர் தம் அறிவை உழவருக்கு ‘விரிவாக்கம்’ செய்வதாகக் கூறுவதை 1969-ல் வெளியான சிறு நூலொன்றில் அவர் கேள்விக்கு உட்படுத்தினார். ஒருவர் தம்மிடம் உள்ளதை மற்றவர்மேல் நீட்டிப் பரப்புவது தொடர்பாகாது. இருவரும் சேர்ந்து ஒன்றை அறிய முற்படுவதே தொடர்பு என்பது அவர் கருத்து. அந்நூல் வேளாண்மையைப் பற்றியதே; எனினும் நலவாழ்வுப் பணியாளர் அதனைத் தமக்கு எழுதப்பட்டதாகவே படித்தனர். 1976-ல் ரோஜர்ஸும், வளர்ச்சிக்கான தொடர்பில் அதுகாறும் கோலோச்சிய பழைய சிந்தனைச் சட்டகம் கழிந்து வருவதாக எழுதினார். தாமே கட்டியெழுப்ப உதவிய வீட்டின் குறையைத் தாமே எடுத்துரைக்கும் துணிவு எல்லா அறிஞருக்கும் வாய்ப்பதில்லை.

அதன்பின் வந்தவற்றை விரைந்து கூறலாம். ஆர்தர் கிளைன்மன், நோயைப் பற்றி நோயாளி தரும் விளக்கத்தைக் கேட்குமாறு மருத்துவரை வற்புறுத்தினார். 1994-ல் டெபொரா லப்டன், நலவாழ்வுச் செய்திகளுக்குள் மறைந்திருக்கும் அதிகாரத்தை ஆராய அழைத்தார். மோகன் தத்தா, மேற்கு வங்கச் சந்தால் மக்களிடையே செய்த களப்பணியிலிருந்து, பண்பாட்டை மையமாகக் கொண்ட ஆய்வுநெறியை வளர்த்து, 2008-ல் நூலாக்கினார். இவர்களைப் படிப்போர் சிலர், எண்ணிக்கை ஆய்வு முழுவதும் அடக்குமுறை என்பதுபோல் பேசுவதுண்டு. நாம் அதனை ஏற்கவில்லை. எத்தனை குழந்தைகள் தடுப்பூசி பெறவில்லை என்று எண்ணாதவர், ஏன் பெறவில்லை என்று யாரிடம் போய்க் கேட்பார்?

இவை ஏட்டளவிலான வேறுபாடுகள் அல்ல என்பதை 2014-ல் மேற்கு ஆப்பிரிக்கா கண்டது. கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் பரவிய எபோலா 11,300-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டித் தொட்டு விடைகொடுக்கும் வழக்கத்தால் நோய் பரவிற்று. புதிய தொற்றுகளுள் குறைந்தது நூற்றுக்கு 20 அடக்கச் சடங்குகளில் நேர்ந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் கூறியது. முதலில் கையாண்டது பழைய வழியே: செய்தி சொல், அஞ்சச் செய், உடலை எடுத்துச் செல். இந்நோய்க்கு மருந்தில்லை என்ற அறிவிப்பைக் கேட்டவர், அப்படியானால் மருத்துவமனைக்கு ஏன் போக வேண்டும் என்று வீட்டிலேயே தங்கினர். உறவினரின் உடல் உறையிலிட்டு எங்கோ கொண்டுபோகப்படுவதைக் கண்டவர்களிடம் ஐயம் சினமாக மாறியது. அவ்வாண்டு செப்டம்பரில் கினியின் வோமே என்ற ஊரில், எபோலா பற்றி எடுத்துரைக்கச் சென்ற குழுவில் எட்டுப் பேர் கொல்லப்பட்டனர்.

அதே நாட்டில், கிசி இன மக்களிடையே, கருவுற்றிருந்த பெண்ணொருவர் எபோலாவால் இறந்தார். கருவோடு ஒரு தாயைப் புதைப்பது அம்மக்களின் மரபுப்படி பெருங்குற்றம். உலகின் ஒழுங்கே குலையும். கருவை அகற்ற வேண்டும் என்றனர் குடும்பத்தார். அதனைச் செய்பவரும் தொற்றுக்கு இரையாவார் என்றனர் மருத்துவர். இரு பக்கமும் உறுதியாய் நின்றது. அங்கிருந்த மானுடவியலாளர் ஜூலியென் அனோக்கோ, இவ்வொழுங்கை வேறு வழியில் ஈடுசெய்ய முடியுமா என்று ஊர்ப் பெரியோரிடம் வினவினார். முடியும், அதற்கென ஒரு பரிகாரச் சடங்கு உண்டு என்று அறிந்தவர்கள் கூறினர். அதற்கான செலவை உலக நலவாழ்வு நிறுவனமே ஏற்றது. சடங்கு நடந்தேறியது, தாய் பாதுகாப்பாக அடக்கம் செய்யப்பட்டார்.

2014 நவம்பரில் அந்நிறுவனம் அடக்கத்துக்கான புதிய வழிகாட்டியை வெளியிட்டது. உலகத் திருச்சபைகள் மன்றம், இஸ்லாமிய நிவாரண அமைப்பு, நம் காரித்தாஸ் போன்றவை அதனை வகுப்பதில் பங்குகொண்டன. உடலைத் தொடாமல் தூய்மை செய்யும் முறை இஸ்லாமியருக்குச் சொல்லப்பட்டது. கிறித்தவருக்கு, எட்ட நின்று நீர் தெளிக்கவும் மறைநூல் வாசிக்கவும் இடமளிக்கப்பட்டது. குடும்பத்தாரின் இசைவைப் பெறும்வரை எந்த அடக்கத்தையும் தொடங்கலாகாது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது.