ஹார்மோன்

பெயர்ச்சொல். உடலின் ஓரிடத்தில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, தொலைவிலுள்ள செல்களைத் தூண்டும் வேதிப்பொருள். ‘கிளர்த்துகிறேன், தூண்டுகிறேன்’ என்று பொருள்படும் ‘ஹொர்மாவோ’ என்ற கிரேக்க வினையிலிருந்து வந்தது. 1902-இல் லண்டனில் உடலியலாளர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும் சிறுகுடலில் சுரக்கும் செக்ரிட்டினைக் கண்டறிந்தார்கள். நரம்பின் துணையில்லாமலே அது கணையத்தைச் சுரக்கவைத்தது. இத்தகைய பொருள்களுக்கு 1905-இல் ஸ்டார்லிங் இப்பெயரை வழங்கினார்.

ரத்தம் ஹார்மோனை உடல் முழுதும் கொண்டுசென்றாலும், உரிய ஏற்பி உள்ள செல்லே அதற்கு இணங்கும். தசைச் செல்லின் மேலுள்ள ஏற்பியில் இன்சுலின் பொருந்தியதும், உள்ளிருக்கும் குளுக்கோஸ் கடத்திகள் செல் சவ்வுக்கு வந்து சர்க்கரையை உள்ளே விடுகின்றன. ஹார்மோனைத் தமிழில் இயக்குநீர் என்பர்; இலங்கைப் பாடநூல்களில் ஓமோன்.