ஊக எண் முறை

ஊக எண் முறை என்பது சொற்கணக்குகளைத் தீர்க்கப் பயன்பட்ட மிகப் பழைய வழிகளுள் ஒன்றாகும். தெரியாத விடைக்குப் பதிலாக வசதியான ஓர் எண்ணை வைத்துக் கணக்கைச் செய்து பார்த்து, கிடைத்த முடிவையும் கிடைக்க வேண்டிய முடிவையும் ஒப்பிட்டு அந்த எண்ணைத் திருத்துவதே இம்முறை. தொடக்க எண் தவறு என்பது கணக்கிடுபவருக்கு முன்பே தெரியும்.

ஏறத்தாழ கி.மு. 1550இல் ஆமெஸ் என்ற எழுத்தர் படியெடுத்த எகிப்தியக் கணிதச் சுருளில் இது காணப்படுகிறது. 1858இல் அலெக்சாண்டர் ரைண்ட் லக்சர் நகரில் வாங்கிய அச்சுருள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் 24ஆம் கணக்கு: ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, அந்த அளவு என்ன? ஆமெஸ் 7 என்று ஊகிக்கிறார். 7உம் 1உம் 8. எட்டை 19 ஆக்க 2⅜ மடங்கு தேவை; ஆகவே விடை 7 × 2⅜ = 16⅝. ஏன் 7? ஏழில் ஒரு பங்கு முழு எண்ணாகிவிடும் என்பதால்தான். எகிப்தியர் பின்னங்களைப் பெரும்பாலும் ½, ¼, ⅛ போன்றவற்றின் கூட்டலாகவே எழுதினர்; பின்னத்தைக் கடைசிப் படிவரை தள்ளிவைப்பது அவர்களுக்குச் சிறிய உதவியன்று.

இந்தியாவில் இம்முறைக்கு இஷ்ட கர்மம் என்று பெயர். இரண்டாம் பாஸ்கரர் 1150இல் இயற்றிய லீலாவதியில் ஒரு தாமரைக் கணக்கு வருகிறது: பூக்களில் மூன்றில் ஒரு பங்கு சிவனுக்கும், ஐந்தில் ஒன்று திருமாலுக்கும், ஆறில் ஒன்று சூரியனுக்கும், நான்கில் ஒன்று தேவிக்கும் போக, மீதி 6 பூக்கள் குருவுக்கு. மொத்தம் 60 என்று கொண்டால் 20, 12, 10, 15 போக 3 மிஞ்சும். மிஞ்ச வேண்டியது 6. எனவே மொத்தம் 120.

ஆனால் ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் மேலும் 3உம் சேர்ந்து 35 என்றால் இவ்வழி பொய்த்துவிடும். அந்த 3 விகிதத்துக்குக் கட்டுப்படாது. இதற்கு அரபுக் கணிதர்கள் இரண்டு ஊகங்களைக் கையாண்டனர். 7 என்று கொண்டால் 11 வருகிறது, 24 குறைவு; 14 என்று கொண்டால் 19, குறைவு 16. ஏழு கூட்டினால் எட்டு குறைகிறது. மீதி 16ஐத் தீர்க்க இன்னும் 14 கூட்ட வேண்டும். விடை 28. 9ஆம் நூற்றாண்டில் குஸ்தா இப்னு லூக்கா இதற்கு நிறுவல் எழுதினார். 1202இல் ஃபிபொனாச்சி தம் நூலில் ஓர் அதிகாரத்தையே இதற்கு ஒதுக்கினார்.

குறியீட்டு இயற்கணிதம் பரவிய பின் இம்முறை பள்ளிப் பாடநூல்களிலிருந்து மெல்ல மறைந்தது. எனினும், நேரடியாகத் தீர்க்க இயலாத சமன்பாடுகளுக்கு இரண்டு ஊகங்களிலிருந்து தொடங்கி மீண்டும் மீண்டும் திருத்தும் கணினி வழிமுறை, ரெகுலா ஃபால்சி என்ற பழைய இலத்தீன் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது.